பசியை மறந்த கூழ்

நம் முன்னோர் நோயின்றி வாழ்ந்தார்கள் என்பது இன்றைய தமிழ்நாட்டில் எவரும் எதிர்க்கேள்வி கேட்காத நம்பிக்கைகளுள் ஒன்று. கம்பும் கேழ்வரகும் தினையும் வரகும் உண்டார்கள், செக்கெண்ணெயில் தாளித்தார்கள், கருப்பட்டி போட்டுக் குடித்தார்கள், ஆகவே சர்க்கரை நோயும் மாரடைப்பும் அவர்களை அண்டவில்லை. பிறகு அரிசி ஆலையும் வெள்ளைச் சர்க்கரையும் ஆங்கில மருத்துவமும் வந்து நம்மைக் கெடுத்துவிட்டன. கல்யாணப் பந்தியிலும் பட்டிமன்ற மேடையிலும் கைப்பேசியில் வந்து விழும் காணொளிகளிலும் இதுவே ஓதப்படுகிறது.

இதை மறுப்பது மருத்துவர்களின் வேலை என்று தமிழ் படித்தவர்கள் ஒதுங்கிக்கொள்ள இயலாது. இந்த நம்பிக்கைக்குச் சான்றாக எடுத்து வைக்கப்படுபவை நம்முடைய நூல்கள். மருந்து அதிகாரத்திலிருந்து ஒரு குறள், புறநானூற்றிலிருந்து ஒரு தினைச் சோறு, நடுவே ஒரு பழமொழி. இவற்றை அடுக்கிவிட்டால் எந்தச் சத்துமாவுப் பொட்டலமும் ஈராயிரம் ஆண்டுப் பழமை பெற்றுவிடுகிறது. ஐ.நா. அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது கல்லூரிதோறும் நடந்த கருத்தரங்குகளில் இந்தப் பணியை முன்னின்று செய்தவர்கள் தமிழ்த் துறையினர். ஆகவே மறுப்பும் அத்துறையிலிருந்தே வருவது முறை.

நான் சொல்ல வருவது இதுதான். முன்னோரின் தட்டிலிருந்து தானியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அத்தட்டைச் சூழ்ந்திருந்த பசியையும் உழைப்பையும் அழித்துவிடுகிறார்கள். இது இலக்கியத்தைத் தவறாகப் படிப்பது, வரலாற்றைத் திரிப்பது, இறுதியில் நோயாளியைக் கொல்வது. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் வள்ளுவர். "உணவே மருந்து" என்ற தொடரை அவர் தலையில் ஏற்றிச் சொல்வோர் பலர். மேலைநாட்டில் இதையே ஹிப்போகிரட்டஸ் தலையில் ஏற்றுகிறார்கள். ஹிப்போகிரட்டஸின் பெயரால் வழங்கும் நூல்தொகுதியில் அப்படியொரு வாக்கியம் இல்லை. திருக்குறளிலும் இல்லை. 95ஆம் அதிகாரத்தின் பத்துக் குறள்களையும் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். அவற்றில் ஓர் உணவுப் பொருளின் பெயர்கூட வராது. தினை இல்லை, வரகு இல்லை, நெய் இல்லை, தேன் இல்லை. எதை உண்ண வேண்டும் என்று பட்டியலிட அவருக்கு விருப்பமில்லை. முன்பு உண்டது செரித்ததா, உடலுக்கு ஒவ்வாததா, எவ்வளவு என்ற கேள்விகளையே அவர் மீண்டும் மீண்டும் கேட்கிறார். அந்த அதிகாரம் முழுவதும் அளவைப் பற்றியது.

அதிலும் முதற்குறளை விளக்கும் பரிமேலழகர், மிகுதி குறைவு என்பவற்றை உணவுக்கு மட்டும் உரியனவாகக் கொள்ளாமல், உணவுக்கும் செயலுக்கும் சேர்த்தே பொருள்கொள்கிறார். உண்பது மிகுந்தாலும் நோய், குறைந்தாலும் நோய். உடலின் இயக்கமும் அவ்வாறே. எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய உரையாசிரியர் உணவையும் உழைப்பையும் ஒரே தராசில் வைத்திருக்கிறார். நம் மேடைப் பேச்சாளர்களின் தராசில் ஒரு தட்டுதான் இருக்கிறது.

இன்னொன்றையும் அவர்கள் செய்கிறார்கள். பத்துக் குறள்களில் முதல் ஏழோடு நிறுத்திவிடுகிறார்கள். எஞ்சிய மூன்றும் மருத்துவனைப் பற்றியவை. நோய் இன்னதென்று தேர்வது, அதன் காரணத்தைத் தேடுவது, தணிக்கும் வழியைக் காண்பது. நோயாளியின் தன்மை, நோயின் அளவு, காலம் ஆகியவற்றை ஆராய்வது. இறுதிக் குறளில், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பார்த்துக்கொள்பவன் ஆகிய நால்வகையும் சேர்ந்ததே மருத்துவம் என்ற முடிவு. அளவறிந்து உண்டால் மருந்து வேண்டாம் என்று சொன்னவரே, நோய் வந்துவிட்டால் மருத்துவனும் மருந்தும் வேண்டும் என்று அதே அதிகாரத்தை முடிக்கிறார். முதற்பாதி நோய் வராதவனுக்கு, பிற்பாதி நோய் வந்தவனுக்கு. பிற்பாதிக்கு உரியவனிடம் முற்பாதியை மட்டும் ஓதி அனுப்புவதற்கு இலக்கியப் பணி என்று பெயரிட முடியாது.

அடுத்து, சங்க காலத்து உணவு. தினையும் வரகும் சங்கப் பாடல்களில் உண்டு என்பது உண்மை. முயல் இறைச்சியும் உடும்பும் கள்ளும் உண்டு என்பதும் உண்மை. வாடிக்கையாளரில் பாதிப்பேர் சைவர் என்பதால் விற்பனையாளர்கள் அவற்றை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அது போகட்டும். அந்த விருந்துகளெல்லாம் யாருடைய வாயால் பாடப்படுகின்றன? பொருநராற்றுப்படையில் ஒரு பொருநன், இரவும் பகலும் இறைச்சி தின்றதால் தன் பற்கள் நிலத்தை உழுத கொழுவைப் போல மழுங்கின என்று வியக்கிறான். நாள்தோறும் உண்பவன் இப்படி வியக்க மாட்டான். பசித்து வந்தவனுக்கே அது வியப்பு.

பசித்து வந்தவன் எங்கிருந்து வந்தான் என்பதைச் சிறுபாணாற்றுப்படை காட்டுகிறது. குப்பையில் முளைத்த கீரையைப் பறித்து, உப்புக்கும் வழியின்றி வேகவைத்து, பிறர் கண்டால் இழிவென்று கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள் ஒருத்தி. அதே வீட்டில், கண் திறவாத குட்டிகள் வற்றிய மடியைப் பிடித்து இழுக்க, ஈன்ற நாய் வலி தாங்காமல் குரைக்கிறது. புறநானூற்றில் பெருந்தலைச்சாத்தனார் குமணனிடம் சொல்வது, சமைப்பதை மறந்த அடுப்பில் காளான் பூத்ததையும், பாலற்ற மார்பைச் சுவைத்துக் குழந்தை அழுவதையும். இதுவும் சங்க கால உணவு முறைதான். சங்க உணவுத் திருவிழா என்று பதாகை கட்டுவோர் இந்த அடுப்பையும் ஒரு மேசையில் வைக்கலாமே!

உணவுக்கும் மருந்துக்கும் பழந்தமிழ் போட்ட முடிச்சை நான் மறுக்கவில்லை. அது எந்த நோய்க்கான முடிச்சு என்று பார்க்கச் சொல்கிறேன். சிறுகுடி கிழான் பண்ணனை ஒரு சோழ வேந்தன், பசி என்னும் நோயைத் தீர்க்கும் மருத்துவன் என்று புகழ்ந்தான். மணிமேகலையின் அமுதசுரபி தீர்த்ததும் அந்த நோயைத்தான். காயசண்டிகையின் யானைத்தீ அந்த நோயின் கொடிய வடிவம். பசியைப் பிணி என்று பெயரிட்டு அழைத்த மொழி இது. அம்மொழியில் உணவு மருந்தாவது பட்டினி கிடந்தவனுக்கு. மூன்று வேளை உண்டு நான்காம் வேளைக்குச் சிற்றுண்டி தேடுபவனுக்கு அந்தத் தொடரை எடுத்துக் கொடுப்பது கொடிய நகைச்சுவை.

*

இலக்கியத்தை விட்டு வரலாற்றுக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சத்தை நம் தாத்தாக்களின் தாத்தாக்கள் பார்த்தார்கள். ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக்கிலோவுக்கும் குறைவு, போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்ற மருத்துவர் அதை எதிர்த்தார். பருப்பும் இல்லாமல் அந்த அளவில் உடலுழைப்பு செய்பவன் உயிர்வாழ முடியாது என்பது அவர் வாதம். நம் பாரம்பரிய உணவைப் பற்றிய வரலாற்று ஆவணம் வேண்டுவோர் அந்த வழக்கைப் படிக்கலாம்.

பஞ்ச காலத்தை விடுங்கள், சாதாரண காலம் எப்படி இருந்தது? 1920களில் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் என்ற ஆய்வாளர் இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ட உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. சென்னை மாகாணத்தாரின் உணவை உண்டவை கடைசி வரிசையில் நின்றன. சோறு மிகுதி, பாலும் பருப்பும் காயும் சொற்பம் என்பதே குறை. அவருடைய ஆய்வுக்கூடம்தான் பின்னர் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. ஆக, நம் தட்டில் மாவு அதிகம், புரதம் குறைவு என்ற தீர்ப்பு நூறாண்டுப் பழையது.

சுதந்திரம் வந்தபோது ஓர் இந்தியக் குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 32 ஆண்டுகள். எல்லோரும் முப்பத்திரண்டில் இறந்தார்கள் என்பது இதற்குப் பொருளன்று. குழந்தைச் சாவும் பேறுகாலச் சாவும் காலராவும் காசநோயும் அந்தச் சராசரியைக் கீழே இழுத்தன. தப்பிப் பிழைத்த தொண்ணூறு வயதுப் பாட்டியை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அவள் பெற்று மண்ணில் புதைத்த நான்கு குழந்தைகளை நினைவில் வைத்திருக்க அவளைத் தவிர ஆளில்லை.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. அக்காலத்தில் சர்க்கரை நோய் இன்றைவிடக் குறைவுதானே? ஆம், குறைவு. மாரடைப்பு வரும் வயதுவரை பலர் வாழவில்லை; வாழ்ந்தவர்களுக்கு மிகையாக உண்ண உணவில்லை; உண்டதைவிட அதிகமாக உடல் உழைத்தது. நோயே இல்லாதிருந்தது என்பது மட்டும் உண்மையன்று. எறும்பு மொய்க்கும் இனிப்பான சிறுநீரைப் பழைய ஆயுர்வேத நூல்கள் அறிந்திருந்தன. உட்கார்ந்தே சுகம் காண்பதையும் மிகுந்த உறக்கத்தையும் சரக சங்கிதை அந்நோயின் காரணங்களில் வைத்தது. உண்டு கொழுத்து அசையாமலிருந்தவர்களுக்கு அன்றும் அது வந்தது. அப்படி இருக்க வாய்த்தவர்கள் சிலர் மட்டுமே.

*

முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற சொத்தில் பசியும் ஒன்று என்பதை அறிவியல் சற்றுத் தாமதமாகவே கண்டுகொண்டது. இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர், 1911 முதல் மருத்துவச்சிகள் எழுதிவைத்த பிறப்புப் பதிவேடுகளைத் தேடியெடுத்து, எடை குறைவாகப் பிறந்த ஆண்கள் பிற்காலத்தில் இதயநோயால் இறப்பது அதிகம் என்று 1989இல் காட்டினார். மைசூரில் ஒரு மருத்துவமனையில் 1934க்கும் 1954க்கும் இடையே பிறந்தவர்களைத் தேடிப்பிடித்துச் செய்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. அங்கும் அதே முடிவு. எடை குறைந்த தாய்க்கு எடை குறைந்து பிறந்தவர்களிடையே இதயநோய் மிகுதி.

புனேயின் யாஜ்னிக் இன்னும் நுணுகிப் பார்த்தார். இந்தியக் குழந்தை ஆங்கிலேயக் குழந்தையைவிடச் சிறியதாகப் பிறக்கிறது; தசை குறைவு, ஆனால் தோலுக்கடியில் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுத்த உடல். கருவிலேயே பற்றாக்குறைக்குப் பழகிய அவ்வுடல், பின்னாளில் தாராளமாக உணவு கிடைக்கும்போது தடுமாறுகிறது. நமக்கு உடல்நிறைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே எச்சரிக்கை என்றும், ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. இடுப்புச் சுற்றளவே எல்லை என்றும் ஐரோப்பியரைவிடக் குறைந்த அளவுகளை மருத்துவம் வகுத்திருப்பது இதனால்தான். ஐம்பத்திரண்டு நாடுகளில் நடந்த இண்டர்ஹார்ட் ஆய்வின்படி தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையும் நாடு முழுவதும் 1,13,043 பேரைச் சோதித்து 2023இல் வெளியிட்ட கணக்கில், இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய். மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில். இந்தப் பெருக்கத்துக்கு வாழ்க்கை முறை பெரிய காரணம். ஆனால் அந்த வாழ்க்கை முறை வந்து விழுந்தது பல தலைமுறை அரைவயிற்றில் வளர்ந்த உடல்கள்மீது. அந்த அரைவயிற்றையே மருந்தென்று மீண்டும் பரிந்துரைப்பவரை என்னவென்று சொல்வது?

*

உழைப்பைப் பற்றியும் இதே மறதி நிலவுகிறது. கம்பையும் தினையையும் புகழ்வோர் உலக்கையைப் பற்றிப் பேசுவதில்லை. சிறுதானியத்தின் உமியை நீக்குவது எளிய வேலையன்று. விடியுமுன் எழுந்து உரலில் இட்டுக் குத்திப் புடைத்துக் கொழித்த பெண்களின் தோள்களில்தான் அந்த உணவுமுறை நின்றது. அரிசி ஆலை வந்தது அவர்களுக்கு வீழ்ச்சி அன்று, விடுதலை. கைக்குத்தல் அரிசியின் பெருமையை மேடையில் முழங்கும் ஆடவர் எவரும் வாழ்நாளில் ஒரு படி நெல்லைக் குத்தியிருக்க மாட்டார்.

உடலுழைப்புக்கும் இதயத்துக்குமான உறவைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஓர் எளிய பேருந்தில் நடந்தது. லண்டனின் ஈரடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநர் படியேறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஜெர்ரி மோரிஸ் 1953இல் வெளியிட்ட கணக்கில் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு, வந்தாலும் உயிரிழப்பு குறைவு. அவர்கள் எந்தத் தானியத்தை உண்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. தசை இயங்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை இன்சுலினின் உதவி இல்லாமலும் இழுத்துக்கொள்கிறது. வாரத்துக்கு 150 நிமிடங்களாவது மூச்சு சற்று வாங்கும் அளவு நடை, இரண்டு நாள் தசையை வலுவாக்கும் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. வயலில் நாற்று நட்டவளுக்கு இது அரைநாள் கணக்கு. நமக்கோ ஒரு வாரக் கணக்கையும் நிறைவேற்ற முடியவில்லை. அந்தக் குறையை ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கஞ்சியால் ஈடுசெய்யப் பார்க்கிறோம்.

இப்போது அந்தக் கிண்ணத்தையே எடுத்துக்கொள்வோம். நூறு கிராம் தீட்டிய அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். கேழ்வரகில் சுமார் 67, கம்பில் சுமார் 62. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு, நார்ச்சத்தும் அரிசியைவிட அதிகம். இவை உண்மையான நன்மைகள். ஆனால் இரண்டும் மாவுப் பொருள்களே. நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விரைவாகவே ஏறும். 2025இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த இந்திய ஆய்வு, நம் உணவின் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று கணக்கிட்டது. அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ உண்பதால் மட்டும் சர்க்கரை நோயின் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் ஒரு பகுதியைக் குறைத்து அவ்விடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்தை வைத்தவர்களுக்கே ஆபத்து குறைவாக இருந்தது. மெக்கரிசனின் எலிகள் சொன்னதற்கும் இதற்கும் நூறாண்டு இடைவெளி, செய்தி ஒன்றுதான்.

மற்றவற்றை விரைந்து முடித்துவிடலாம். கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் தேனும் சர்க்கரையே; நிறம் பார்த்து இன்சுலின் சுரப்பதில்லை. இந்துப்பும் உப்பே, நாளுக்கு 5 கிராமுக்குள் என்ற எல்லை அதற்கும் பொருந்தும், ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் கருவாட்டுக்கும் சேர்த்து. செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் சர்க்குலேஷன் இதழ் வெளியிட்ட முடிவின்படி, மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் அது கெட்ட கொழுப்பைச் சராசரியாக 10 மில்லிகிராம் அளவு உயர்த்துகிறது. நல்லெண்ணெயையும் கடலையெண்ணெயையும் அளவாகப் பயன்படுத்துவதில் மரபுக்கும் மருத்துவத்துக்கும் சண்டையே இல்லை.

பேலியோ அன்பர்கள் இதைப் படித்துப் புன்னகைக்க வேண்டாம். சிறுதானியக்காரர் சங்க காலத்துக்கு அழைக்கிறார் என்றால் இவர்கள் கற்காலத்துக்கு அழைக்கிறார்கள். பயணச்சீட்டின் விலைதான் வேறு. மாவைக் குறைத்தால் சர்க்கரை குறையும், எடை குறைந்தால் இன்னும் குறையும் என்பது சரி. பிரிட்டனில் 2017இல் வெளிவந்த டைரக்ட் ஆய்வில், சர்க்கரை நோயாளிகள் சில மாதங்கள் நாளுக்குச் சுமார் 850 கலோரி மட்டும் உண்டு எடை குறைத்தனர். ஓராண்டு முடிவில் 46 விழுக்காட்டினர் மருந்தின்றி நோய் தணிந்த நிலையில் இருந்தனர். அவர்கள் உட்கொண்டது ஆதிமனிதனின் இறைச்சியும் அன்று, ஆதித்தமிழனின் வரகும் அன்று. டப்பாவில் அடைத்த பானப்பொடி. மருத்துவர்களின் கண்காணிப்பில் அளந்து கொடுக்கப்பட்டது. அங்கேயும் வேலை செய்தது அளவுதான்.

*

இவ்வளவு ஏன் வாதிட வேண்டும், உண்பவர் உண்ணட்டுமே என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் கல்லூரியில் நடந்த அத்தகைய கருத்தரங்கு ஒன்றில், அழைக்கப்பட்டு வந்த பேச்சாளர், சர்க்கரை ஒரு நோயே அன்று, மாத்திரைதான் நோய் என்று முழங்கினார். கைதட்டல் நிற்க நேரமாயிற்று. ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டு மேடையோரம் நின்றிருந்த அலுவலக உதவியாளர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு வந்தவர். மறுநாளே நிறுத்தினார். காலையில் கம்பங்கூழ், மாலையில் ஒரு கஷாயம். சில மாதங்கள் கழித்து மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. நெஞ்சுவலி சிறிதும் இல்லை. அரசு மருத்துவமனையில் இதய வரைபடம் எடுத்தபோது மாரடைப்பு வந்து போய்ப் பல நாள்களாகியிருந்தன. நீடித்த சர்க்கரை நோய் நரம்புகளை மழுக்கிவிடுவதால் சிலருக்கு வலி தெரிவதில்லை. பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தின் ஒரு பகுதி இறந்துவிட்டது. கையில் கோப்புடன் ஒரு மாடி ஏற நடுவில் இரண்டு முறை நிற்கிறார். பேச்சாளருக்குப் பொன்னாடையும் நினைவுப்பரிசும் கொடுத்து அனுப்பினார்கள்.

"மருந்துக் கம்பெனிகளின் சதி" என்ற பதில் ஆயத்தமாக இருக்கும். மருந்து நிறுவனங்கள் புனிதர்கள் அல்லர். ஆனால் சர்க்கரைக்கு முதலில் கொடுக்கப்படும் மெட்பார்மின், ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் புழங்கிய ஒரு மூலிகைச் செடியின் வேதிப்பொருளைத் தொடர்ந்து சென்று கண்டடைந்த மருந்து. 1957 முதல் மனிதரிடம் பயன்பட்டு வருகிறது. மூலிகையை அளந்து, நஞ்சு நீக்கி, பலன் சோதித்துக் கொடுத்தால் அதற்குப் பெயர் மாத்திரை. தமிழ் படித்தவர்களுக்கு மாத்திரை என்றாலே அளவு என்பதை நினைவூட்டத் தேவையில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது விலையின்றிக் கிடைக்கிறது. சதி என்று கூவுபவர் விற்கும் பொட்டலம் விலையின்றிக் கிடைப்பதாகத் தெரியவில்லை.

உணவும் நடையும் பயனற்றவை என்று நான் சொன்னதாக எவரும் திரிக்க வேண்டாம். அவற்றின் பயனைத் துல்லியமாக அளந்தவர்களே நம் ஊரில்தான் இருந்தார்கள். சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரனும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைப் பிரித்து மூன்றாண்டுகள் தொடர்ந்தார்கள். வழக்கம்போல விடப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினர் நோயாளிகளானார்கள். உணவை ஒழுங்குசெய்து நாள்தோறும் நடக்கவைத்த குழுவில் அது 39 விழுக்காடு. மாத்திரை மட்டும் உண்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன். வாசலில் நிற்பவனுக்கு நடையும் அளவும் மாத்திரைக்கு இணை. உள்ளே போய்விட்டவனுக்கு அவை மாத்திரையோடு சேர்ந்து நிற்க வேண்டியவை. இந்த வேறுபாட்டைத்தான் வள்ளுவர் ஏழுக்கும் மூன்றுக்குமாகப் பிரித்து வைத்தார்.

இதில் அரசியலும் இருக்கிறது. இலவச அரிசி கொடுத்துத்தான் தமிழனுக்குச் சர்க்கரை வந்தது என்று நகரத்து மத்தியதர வர்க்கம் சொல்லும்போது குரலில் அருவருப்பு தெரிகிறது. அந்த அரிசிதான் சிறுபாணாற்றுப்படையின் அடைத்த கதவைத் திறந்தது. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும் பின்னர் அதில் சேர்ந்த முட்டையும் தட்டில் இல்லாததைச் சேர்த்தன. 2007 முதல் நியாயவிலைக் கடையில் மானியத் துவரம்பருப்பு வந்தது. இதே திசையில் இன்னும் செல்ல வேண்டும். பருப்பும் பயறும் முட்டையும் பெருக வேண்டும், கருவுற்றவளின் தட்டு முதலில் நிறைய வேண்டும். நடைபாதையே இல்லாத தெருவில் நடக்கச் சொல்வதும், நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துத் திரும்புபவளிடம் உடற்பயிற்சியின் மேன்மையைப் பேசுவதும் அறிவுரை ஆகா. சிறுதானியம் பயிரிடும் மானாவாரி உழவனுக்கு நல்ல விலை கிடைக்கட்டும், அதை மனமார ஆதரிப்பேன். அதற்காக நோயாளியின் மாத்திரைப் பெட்டியைப் பிடுங்க வேண்டியதில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், கிராமத்துப் பெண்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்த்துச் சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். வள்ளுவர் நான்காவதாகச் சொன்ன, நோயாளியின் அருகிருப்பவருக்கு நம் காலத்து உருவம் அவர்கள். அடுத்த முறை இலக்கியமும் உடல்நலமும் என்று கருத்தரங்கு கூட்டும் துறைத்தலைவர்களிடம் எனக்குள்ள வேண்டுகோள் சிறியது. மேடையில் அவர்களுள் ஒருவரை உட்கார வையுங்கள். அதிகாரத்தைப் படிக்கும்போது பத்துக் குறளையும் படியுங்கள்.